“இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தாங்க?” – அந்தக் கேள்வியை என்னிடம் கேளுங்கள்



என்னிடம் படித்த பிள்ளைகளுக்கும் சொந்தபந்தங்களுக்கும் இதை எழுதுகிறேன். பேரன் பிறந்தநாள், மாடித்தோட்டத்துக் கத்தரிக்காய், பொதுத்தேர்வு வாழ்த்து என்று போட்டுக்கொண்டிருந்த பக்கம் இது. இன்றைய பதிவு அப்படிப்பட்டதல்ல, நீளமும் அதிகம். நேரம் இருக்கும்போது முழுதாகப் படியுங்கள். பாதி படித்துவிட்டுக் கருத்து எழுத வேண்டாம்.

விஷயம் உங்களில் பலருக்கு ஏற்கெனவே தெரியும். நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்று. பெயர் வேண்டாம். அங்கே 1990களின் கடைசியில் படித்த 7 பெண்கள், இப்போது நாற்பதைத் தாண்டியவர்கள், நிர்வாகத்துக்கு ஒரு மனு கொடுத்திருக்கிறார்கள். அப்போது அங்கே பணியாற்றிய ஓர் ஆசிரியர் தங்களிடம் முறைகேடாக நடந்துகொண்டார் என்பது புகார். அவர்கள் கேட்பது நான்கு. வெளியாள் ஒருவரும் இருக்கிற குழு வைத்து விசாரியுங்கள். பழைய பதிவேடுகளை எடுத்துப் பாருங்கள். நடந்தது உண்மை என்று தெரிந்தால் எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். இன்று அங்கே படிக்கிற பிள்ளைகள் பயமில்லாமல் புகார் சொல்ல ஒரு வழி செய்யுங்கள். அவ்வளவுதான். பணம் கேட்கவில்லை. பத்திரிகைக்கும் போகவில்லை.

நிர்வாகத்தின் பதில் ஒரே வரி. “மிகப் பழைய விஷயம், ஆவணங்கள் இல்லை.”

அடுத்த வாரமே ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கடிதம் வந்தது. “ஆசிரியர் சமுதாயத்தின் மாண்பைக் குலைக்கும் அவதூறு” என்று ஆரம்பித்து, “மாதா பிதா குரு தெய்வம்” என்று முடிந்தது. பத்துப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பதினோராவது இடத்தில் என் பெயரைத் தட்டச்சு செய்து, “டீச்சர், ஓகே சொல்லுங்க போதும்” என்று அனுப்பியிருந்தார்கள்.

நான் ஓகே சொல்லவில்லை. அன்றிலிருந்து தொலைபேசி ஓயவில்லை. என் தம்பி, “அக்கா, ரிட்டையர் ஆகி நிம்மதியா இருக்கிற வயசுல உனக்கு எதுக்கு இந்த வேலை?” என்றான். பழைய சக ஆசிரியை ஒருவர், “நாம எல்லாரும் அங்க சம்பளம் வாங்கினவங்கதானே” என்றார். இரண்டு பேரும் என் நன்மைக்குத்தான் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எல்லாரும் முதலில் கேட்கிற கேள்வி: “இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தாங்க?”

சும்மா இருந்தார்கள் என்று யார் சொன்னது? எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட இருவரிடமும் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை விட்டுவிட்டேன்.

1997. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மதிய இடைவேளையில் என்னிடம் வந்து, “டீச்சர், என்னை ஏ செக்‌ஷனுக்கு மாத்தி விடுங்க டீச்சர்” என்றாள். நன்றாகப் படிக்கிற பெண். ஏன் என்று கேட்டேன். “சும்மாதான் டீச்சர்” என்றாள். திரும்பவும் கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அந்த சார் நோட்டு திருத்தும்போது ரொம்பப் பக்கத்துல நிக்க வைக்கிறார் டீச்சர்.”

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இந்த வயதில் பொய் சொல்ல மாட்டேன். அவள் சொல்லாமல் விட்டதும் சேர்த்துத்தான் புரிந்தது. அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? “செக்‌ஷன் எல்லாம் நடுவுல மாத்த முடியாதும்மா. நீ போகாதே. உன் நோட்டை வேற பொண்ணுகிட்ட குடுத்தனுப்பு” என்றேன்.

நல்ல யோசனை சொன்னதாக எனக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. அந்த வேற பொண்ணு யார், அவள் போய் அங்கே நிற்பாளே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மனு கொடுத்த ஏழு பேரில் ஒருத்தி சென்ற மாதம் எனக்குப் போன் செய்தாள். நலம் விசாரித்தாள், என் முழங்கால் வலியைக் கேட்டாள். பிறகு சொன்னாள்: “டீச்சர், அவ நோட்டை அன்னைக்குக் கொண்டுபோனது நான்தான். நீங்க குடுத்தனுப்பச் சொன்னீங்கன்னு சொன்னா.” குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. ஒரு தகவல் மாதிரி சொன்னாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. “மன்னிச்சுடும்மா” என்றேன். “பரவால்ல டீச்சர்” என்றாள். பரவாயில்லை என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இன்றும் அவளுக்குத்தான் இருக்கிறது, பாருங்கள்.

இது என்னோடு முடிகிற விஷயமும் இல்லை. ஆசிரியைகள் அறையில் எல்லாருக்கும் தெரியும். “அந்த சார்கிட்ட தனியாப் போகாதே” என்று ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வருகிற பெண்களிடம் யாராவது ஒருவர் காதில் போட்டுவிடுவோம். பிள்ளைகளை எச்சரித்தோம். அவரை ஒருவரும் எச்சரிக்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து ஒரு தகப்பனார் தலைமையாசிரியர் அறைக்கே வந்தார். “பொண்ணு பேரு கெட்டுடும், நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது கஷ்டம்” என்று பேசி அனுப்பினார்கள். மறுவாரம் அவர் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு பெண்ணை வேறு பள்ளியில் சேர்த்தார். பள்ளியை விட்டு நீங்கும் காரணம் என்ற இடத்தில் “பெற்றோர் விருப்பம்” என்று எழுதப்பட்டது. வகுப்பாசிரியை என்ற முறையில் விவரங்களைச் சரிபார்த்துக் கொடுத்தது நான்.

அந்த ஆசிரியருக்கு என்ன ஆயிற்று? அதே நிர்வாகத்தின் இன்னொரு பள்ளிக்கு மாற்றல். அங்கேயும் பிள்ளைகள்தானே இருந்தார்கள்? பணி நிறைவு விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். அன்பளிப்புக்கு நானும் 200 ரூபாய் கொடுத்தேன்.

ஆகவே “ஏன் இத்தனை வருஷம்” என்ற கேள்விக்குப் பதில் இதுதான். பதினான்கு வயதில் சொன்னார்கள். கேட்டவர்கள் நாங்கள். மூடியவர்களும் நாங்கள். தாமதம் அவர்களுடையதல்ல. நாங்கள் செய்து கொடுத்த தாமதம்.

இது நம் ஊரில் மட்டும் நடக்கிற கூத்து என்றும் நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பள்ளிகள், தேவாலயங்கள், விடுதிகளில் குழந்தைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமைகளை விசாரிக்க ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். 2017இல் இறுதி அறிக்கை வந்தது. ஆணையத்திடம் தனியாகப் பேசியவர்கள் தமக்கு நடந்ததை முதன்முதலாக இன்னொருவரிடம் சொல்லவே சராசரியாக 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. நம் நாட்டில் மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சந்தித்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் யாரிடமும் சொல்லவில்லை. நம் ஏழு பேரில் சிலர் அப்போதே வாயைத் திறந்தவர்கள். அந்த வகையில் அவர்கள் நம்மைவிடத் தைரியசாலிகள்.

இரண்டாவது கேள்வி: “அந்தக் காலத்துல எல்லாரும் அடிச்சாங்க, திட்டினாங்க. இப்ப உள்ள கண்ணாடியைப் போட்டு அதைப் பார்க்கலாமா?”

அடித்ததையும் இதையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். ஆனால் அடித்ததையும் சொல்லிவிடுகிறேன். நானும் அடித்திருக்கிறேன். ஸ்கேலால் புறங்கையில் அடித்தேன். வெயிலில் முட்டி போட வைத்தேன். அன்று அது கண்டிப்பு என்று நம்பினேன். தமிழ்நாடு கல்வி விதிகளில் 2003இல் திருத்தம் கொண்டுவந்து தடை செய்த பிறகும், 2009இல் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையும் மன உளைச்சலும் கூடாது என்று சொன்ன பிறகும் எங்களில் பலர் உடனே திருந்தவில்லை. என் கையால் அடி வாங்கியவர்கள் இதைப் படித்தால், நான் செய்தது தப்பு. “நீங்க அடிச்சதாலதான் டீச்சர் நான் உருப்பட்டேன்” என்று தயவுசெய்து கருத்துப் பெட்டியில் எழுதாதீர்கள். நீங்கள் உருப்பட்டது உங்கள் உழைப்பால்.

ஆனால் இந்த மனுவில் இருப்பது வேறு. சிறுமியிடம் தவறான எண்ணத்தோடு கைவைப்பது எந்தக் காலத்துக் கண்ணாடியில் பார்த்தாலும் சரியாகத் தெரியாது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்திலேயே 354ஆம் பிரிவு இருந்தது. 1997இலும் அது குற்றம்தான். நமக்குத் தெரிந்த குற்றம்தான். தெரியாமலா காதில் போட்டு எச்சரித்தோம்?

மூன்றாவது: “சட்டப்படி இனி ஒன்றும் செய்ய முடியாது. பிறகு எதற்கு?”

இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. குற்றம் நடந்த நாளில் இல்லாத சட்டத்தை வைத்து ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 20ஆம் பிரிவு. அது நியாயமான பாதுகாப்பு, அதை நான் குறை சொல்லவில்லை. ஆகவே 1997இல் நடந்ததற்குப் பழைய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். அப்போது 354க்கு அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு. மூன்றாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களை மூன்று ஆண்டுக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டம் போட்ட காலவரம்பு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1997இல் 14 வயது. மூன்று ஆண்டு கழித்து 17. அதாவது அவள் மேஜர் ஆவதற்கு முன்பே கதவு சாத்தியாகிவிட்டது. கல்யாணம் காட்சி என்று சொல்லி வாயை அடைத்தது ஒரு பக்கம், காலவரம்பு ஒரு பக்கம். நியாயத்துக்காகத் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. அதைவிடக் கடுமையான குற்றங்களுக்குக் காலவரம்பே இல்லை. இந்த ஏழு பேருக்கு எது பொருந்தும் என்று அவர்களுடைய வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

நான் சொல்ல வருவது வேறு. நீதிமன்றக் கதவு மூடியிருந்தால் பள்ளிக்கூடக் கதவும் மூடியிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொல்கிறது? ஒரு நிறுவனம் தன் பழைய கணக்கைத் தானே எடுத்துப் பார்ப்பதை யார் தடுக்கிறார்கள்? ஜெயிலில் போடுவது மட்டும்தான் பொறுப்பேற்பு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெண்கள் கேட்பதில் முக்கியமானது, “ஆமாம், நடந்தது, நாங்கள் மறைத்தோம்” என்ற ஒரு தாள். அதற்குக் காலவரம்பு கிடையாது.

ஆவணம் இல்லை என்பதையும் நான் ஏற்க மாட்டேன். பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், சேர்க்கைப் பதிவேடு நிரந்தரமாக வைத்திருக்க வேண்டியது. எந்தப் பெண் எந்தத் தேதியில் நடு ஆண்டில் விலகினாள் என்று அதில் இருக்கும். பணிப் பதிவேட்டைப் பார்த்தால் அவர் எந்தத் தேதியில் மாற்றப்பட்டார் என்று தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். “பெற்றோர் விருப்பம்” என்று எத்தனை வரி வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு ஆவணம் இல்லை என்று சொல்லலாம்.

நான்காவது: “பொய்ப் புகாராக இருந்தால்? ஒரு மனிதனின் வாழ்நாள் பெயர் போய்விடுமே?”

இந்தக் கவலை நியாயமானது. இதைக் கேட்கிறவர்களை நான் எதிரியாக நினைக்கவில்லை. ஒருவர் மீது பழி வந்தால் அவர் தரப்பையும் கேட்க வேண்டும். அதனால்தான் அவர் பெயரை நான் எழுதவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் கேட்பதே விசாரணைதானே? விசாரணை வேண்டாம் என்கிறவர்கள் அவரைக் காப்பாற்றவில்லை. அவர் குற்றமற்றவராக இருந்தால் அதை நிரூபிக்கிற ஒரே வாய்ப்பையும் அவரிடமிருந்து பிடுங்குகிறார்கள்.

2021 மே மாதம் நினைவிருக்கிறதா? சென்னையில் ஒரு பெரிய பள்ளியின் முன்னாள் மாணவிகள் இன்ஸ்டாகிராமில் எழுத ஆரம்பித்தார்கள். அந்த ஆசிரியர் கைதானார். அடுத்தடுத்து வேறு பள்ளிகளின் பழைய மாணவிகளும் எழுதினார்கள். ஒரு தடகளப் பயிற்சியாளர் மீதும் புகார் வந்து அவரும் கைதானார். அப்போது நம் குழுக்களில், “இதையெல்லாம் பொதுவெளியில் எழுதலாமா, முறையாகப் புகார் கொடுக்க வேண்டியதுதானே” என்று எத்தனை பேர் எழுதினீர்கள்! இதோ, இந்த ஏழு பேர் முறையாக எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். பொதுவெளிக்கு வரவில்லை. இப்போது ஏன் அவதூறு என்கிறீர்கள்? வெளியில் சொன்னாலும் தப்பு, உள்ளே சொன்னாலும் தப்பு என்றால், சொல்வதே தப்பு என்பதுதான் உங்கள் கட்சி. அதை நேராகச் சொல்லிவிடுங்கள்.

ஐந்தாவது: “பள்ளியின் பெயர் கெடும். இப்போது படிக்கிற பிள்ளைகள் பாதிக்கப்படுவார்கள்.”

அதே பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறேன். இன்றைக்குச் சட்டம் தெளிவாக இருக்கிறது. போக்சோ 19ஆம் பிரிவின்படி, இப்படி ஒரு குற்றம் நடந்தது என்று தெரிந்தால் எவரானாலும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஓராண்டு வரை. நான் அன்று சொன்னதுபோல் இன்று ஓர் ஆசிரியை “நோட்டைக் குடுத்தனுப்பு” என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. ஆனால் சட்டம் மட்டும் காப்பாற்றாது. மூடி மறைத்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, பொன்னாடைதான் கிடைத்தது என்று இன்று வேலையில் இருக்கிற இளம் ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பழையதை விசாரித்தால்தான் புதியவர்களுக்குச் சட்டத்தின் மேல் பயம் வரும், பிள்ளைகளுக்கு நம் மேல் நம்பிக்கை வரும்.

குரு தெய்வம் என்று கடிதத்தில் எழுதியவர்களுக்கு ஒன்று. அந்த வார்த்தையை வைத்துத்தான் அந்தப் பெண் வாயைத் திறக்க இரண்டு முறை யோசித்தாள். தெய்வத்தின் மேல் யார் புகார் கொடுப்பார்கள்? நம்மைச் சாதாரண மனுஷர்களாக வைத்திருந்தால் அவள் அன்றே முழுதாகச் சொல்லியிருப்பாள். எனக்கு அந்தத் தெய்வப் பட்டம் வேண்டாம்.

நான் என்ன செய்திருக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்ததை, நான் செய்ததை, செய்யத் தவறியதை நான்கு பக்கம் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஸ்பீட் போஸ்ட்டில் நிர்வாகத்துக்கு அனுப்பிவிட்டேன். நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கு. விசாரணை வைத்தால் நேரில் வந்து சொல்கிறேன் என்றும் எழுதியிருக்கிறேன். என்னைப் பற்றியும் விசாரிக்கட்டும். தம்பி, இதுதான் உனக்குப் பதில். நிம்மதி எனக்கு அந்தப் போன் வந்த அன்றே போய்விட்டது.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பத்துப் பேரில் குறைந்தது நான்கு பேருக்கு இது தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆசிரியைகள் அறையில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் நீங்கள். கையெழுத்தைத் திரும்ப எடுங்கள். இரண்டு வரியாவது எழுதிக் கொடுங்கள். நமக்கெல்லாம் வயதாகிவிட்டது. நாம் போய்விட்டால் சாட்சி சொல்ல ஆள் இருக்காது, நிர்வாகம் காத்திருப்பதும் அதற்குத்தான்.

உறவுகளுக்கு: வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை “அந்த வகுப்பு வேண்டாம், அந்த மிஸ் வேண்டாம், அந்த சார் வேண்டாம்” என்றால் அடம் என்று தள்ளாதீர்கள். ஏன் என்று கேளுங்கள், பதில் வரும்வரை பொறுமையாக இருங்கள். 1098 என்ற எண்ணை வீட்டில் எழுதி ஒட்டுங்கள். பள்ளி தொடர்பானதென்றால் 14417.

என் மாணவ, மாணவியருக்கு: கருத்துப் பெட்டியில் யார் பெயரையும், ஊரையும், ஊகத்தையும் எழுத வேண்டாம். எழுதினால் நீக்கிவிடுவேன். அந்தப் பெண்கள் யார் என்று தேடவும் வேண்டாம். உங்களில் யாருக்காவது என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் என் எண் உங்களிடம் இருக்கிறது. இரவு எத்தனை மணியானாலும் பேசலாம். அன்று சொன்னதுபோல் “வேற பொண்ணுகிட்ட குடுத்தனுப்பு” என்று சொல்ல மாட்டேன். நானே கூட வருகிறேன்.

– உங்கள் டீச்சர்